அங்கவஸ்திரத்தை எடுத்தவர்

அப்பா வேட்டி கட்டி நான் பார்த்ததில்லை. கல்யாண வீடு, சாவு வீடு, கோயில் திருவிழா, எங்கே போனாலும் பேண்ட், உள்ளே சொருகிய முழுக்கைச் சட்டை, பெல்ட், ஷூ. வீட்டுக்குள் லுங்கியோடு இருப்பார். ஆனால் வாசலில் பால்காரர் குரல் கேட்டால்கூட உள்ளே போய் மாற்றிக்கொண்டுதான் வெளியே வருவார். "பால் வாங்கறதுக்கு பெல்ட்டு என்னாத்துக்கு?" என்று அம்மா கேலி செய்வார். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்கே அவர் 'பேண்ட் சார்'தான்.

அவர் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரப்பும் சேறுமாக நடக்கிற வேலை அது. கூட வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வயலில் இறங்க, அப்பா மட்டும் ஷூவோடு இறங்குவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் படியில் உட்கார்ந்து சேற்றைச் சுரண்டி, துடைத்து, பாலிஷ் போடுவார். நான் வீட்டுப்பாடம் எழுதிய காலமெல்லாம் பின்னணியில் அந்த பிரஷ் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருவர் என்ன உடுத்துகிறார், அதை ஏன் அப்படி உடுத்துகிறார் என்று யோசிக்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

கல்லூரி முடித்து, சென்னைக்குப் போய் உடை வடிவமைப்பு படித்தேன். பல படங்களில் உதவியாளராக இருந்தேன். மற்றவர்கள் சொன்ன நிறத்தில் மற்றவர்கள் சொன்ன துணியை வாங்கி வந்து ஊசி நூலோடு நிற்பதுதான் வேலை. பிறகு ஒரு படத்தில் முதல்முறையாக முழுப் பொறுப்பும் எனக்குக் கிடைத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் நடக்கும் கதை. ஒரு பண்ணையாள் ஊரைவிட்டு ஓடி, கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பல வருஷம் கழித்துத் தன் ஊருக்குத் திரும்பி வருகிறான். பாதிப் படம் கடலூர் ஓல்ட் டவுனில், மீதி சிதம்பரத்துக்குச் சற்று வெளியே இருந்த ஒரு பழைய பெரிய வீட்டில்; கதையில் அது அந்தப் பண்ணையின் மிராசுதார் வீடு. சொந்த ஊரிலேயே முதல் படம் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பழைய காலப் படம் என்றால் எல்லோரும் துணியைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்தேன். புது வேட்டிகளின் கண்ணைக் குத்தும் வெள்ளையைக் குறைக்கத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். முழங்காலுக்கு மேல் நிற்கும் நாலு முழ வேட்டி, தோளில் சாயம் மங்கிய துண்டு. எல்லாம் சரியாகவே வந்தது. சிதம்பரத்தில் துணை நடிகர்களாக வந்த பையன்களுக்கு உடுத்தி வரிசையாக நிறுத்தி போட்டோ எடுத்தபோது, எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

அவர்கள் நடக்க ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டுப்போனது. ஒருவனின் கை அடிக்கடி இடுப்புக்குப் போய் இல்லாத செல்போனைத் தடவியது. இன்னொருவன் வேட்டியில் பேண்ட் பாக்கெட்டைத் தேடினான். மூன்றாமவன் மிராசுதார் முன்னால் நிற்க வேண்டிய காட்சியில் ஒரு காலை மடக்கித் தூணில் சாய்ந்து நின்றான். பஸ் ஸ்டாப்பில் நிற்பது போலிருந்தது. டைரக்டர் மைக்கில் கத்தினார். எனக்கு அழுகையே வந்தது. துணி பாதி வேலைதான் செய்யும், மீதியை உடம்பு செய்ய வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உடனே மாமாவுக்கு போன் செய்தேன். அம்மாவின் அண்ணன். சேத்தியாத்தோப்பில் டிராக்டர் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு.

"மாமா, நடிக்க ஆளு வேணும். அம்பது வயசுக்கு மேல. வெயில்ல நின்னு வேல பாத்த உடம்பா இருக்கணும்."

"எத்தினி பேரு வேணும் சொல்லு. ஒரு வேன் போதுமா, ரெண்டு வேணுமா?"

"ஒரு வேன் போதும். நீங்களும் வரணும்."

"நான் இல்லாம சினிமாவா?" என்றார்.

மிராசுதாரின் உடை பற்றி டைரக்டருக்கும் எனக்கும் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருந்தது. அவர் கெட்டிக்காரர், என்னைவிட சில வயதே மூத்தவர். நாலு விரல் அகலத்துக்கு ஜரிகை வேண்டும் என்றார். நான் காட்டியது மெல்லிய கரை போட்ட பழைய வேட்டி, பழைய அங்கவஸ்திரம். கும்பகோணத்தில் ஒரு வீட்டிலிருந்து வாங்கி வந்தது. பலமுறை வெளுத்து வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது.

"இது என்னம்மா, வீட்டு வேலக்காரன் மாதிரி இருக்கு? மிராசுன்னு தெரிய வேணாமா?"

"தன் வீட்டு முற்றத்துல உக்காந்திருக்காரு சார். அங்க யாருக்கு அவரு காட்டணும்? வந்து நிக்கறவங்க துணி எல்லாம் கசங்கியிருக்கும், அழுக்கா இருக்கும். இவரு துணியில ஒரு சுருக்கம் இருக்காது. ஜரிகை ஜாஸ்தியாப் போட்டா நேத்துப் பணம் வந்தவரு மாதிரி ஆயிடும்."

அரை மனதோடு சரி என்றார். ஆனால் உடுத்த வேண்டிய ஆள் வரவில்லை. மிராசுதாராக நடிக்க இருந்தவர் வேறொரு படப்பிடிப்பில் கால் பிசகிப் படுத்துவிட்டார். இரண்டு நாளில் அந்த வீட்டை நாங்கள் காலி செய்தாக வேண்டும். வேறு யாரையாவது பிடிக்க எல்லோரும் போனும் கையுமாக அலைந்தார்கள்.

அந்த மதியம்தான் அப்பா வந்தார். ஹோட்டல் சாப்பாட்டில் எனக்கு வயிறு கெட்டிருந்தது. அம்மா ரசம் சாதமும் துவையலும் கேரியரில் கட்டி, அப்பாவைக் கடலூரிலிருந்து பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார். நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்ததால் அவரைக் காத்திருக்கச் சொன்னேன். யாரோ பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. கேரியரைத் தூண் ஓரமாக வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முற்றத்தின் நடுவே போடப்பட்டிருந்த மிராசுதாரின் பெரிய நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலியைச் சுற்றி மெதுவாக ஒருமுறை நடந்தார். பிறகு மறுபடி அதே இடத்தில் நின்றார்.

டைரக்டர் என் பக்கத்தில் வந்து, "அந்த வெள்ளச் சட்டை யாரு?" என்று கேட்டார்.

"எங்கப்பா சார்."

"அவரு நிக்கறதப் பாருங்க. இந்த வீடே அவரு வீடு மாதிரி நிக்கறாரு."

டைரக்டரே போய்க் கேட்டார். அப்பா மரியாதையாக, ஆனால் கறாராக மறுத்துவிட்டார். "எனக்கு இதெல்லாம் தெரியாது சார். நான் சாப்பாடு குடுக்க வந்தவன். வேணாம்."

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட நானும் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்தோம். ஏன் அவ்வளவு சட்டென்று வேண்டாம் என்றார் என்று கேட்டேன். டீயைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு பெரிய வீட்டு நிலத்தில் எல்லைத் தகராறு. அளக்க அப்பாவை அனுப்பினார்கள். அந்த வீட்டு நிலத்தில்தான் என் தாத்தா ஒரு காலத்தில் நாற்று நட்டார், அறுத்தார். அந்த வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா புது பேண்ட், புது ஷூ போட்டு, கையில் உத்தரவோடு, அளவுச் சங்கிலி தூக்கிய ஆட்களோடு போய் நின்றார்.

"முற்றத்துல உக்காந்திருந்தாரு. இன்னிக்குப் போட்டிருந்தாங்களே, அதே மாதிரி நாற்காலி. நான் வணக்கம் சொன்னேன். அவரு என் மூஞ்சியப் பாக்கல பாப்பா. என் ஷூவப் பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்பறம் பக்கத்துல நின்ன கணக்கப்பிள்ளைகிட்ட, 'சர்வேயர் வரலியா?'ன்னு கேட்டாரு."

"நீங்க முன்னாடி நிக்கும்போதா?"

"நான்தான் சர்வேயர்னு சொன்னேன். அதுக்கும் என்னைப் பாக்கல. கையப் பக்கவாட்டுல நீட்டினாரு. அங்க சொம்பு இருக்கா இல்லியான்னு திரும்பிப் பாக்கல. கைய நீட்டினா சொம்பு வந்துடும், அவ்ளோதான். தண்ணி குடிச்சாரு. 'அளக்கச் சொல்லு'ன்னாரு. என்கிட்ட இல்ல, கணக்கப்பிள்ளைகிட்ட."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அளந்தேன். ஒரு இணுக்கு அந்தப் பக்கமும் போகல, இந்தப் பக்கமும் வரல. சாயங்காலம் சேறோட வந்து, ஓல்ட் டவுன் கடையில ஒரு பாலிஷ் டப்பா வாங்கினேன்."

கடலூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். நான் அறைக்குத் திரும்பினேன். அவரைக் கட்டாயப்படுத்த எனக்கு மனமில்லை.

மறுநாள் விடிகாலையில் அவரே போன் செய்தார்.

"அந்த டைரக்டருக்கு ஆளு கெடச்சாச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"நான் பண்றேன்னு சொல்லு."

"ஏன்ப்பா? நேத்து வேணாம்னீங்களே?"

"வேற எவனாவது வந்து மீசைய முறுக்கிட்டு, கண்ண உருட்டிக் கத்திட்டுப் போயிடுவான். பாக்கறவங்க வில்லன்னு சிரிச்சிட்டுப் போவாங்க. அவரு கத்தவே இல்ல பாப்பா. ஒரு வாட்டிகூடக் கத்தல. அது யாருக்காவது தெரியணும் இல்ல?"

அன்று காலை பத்து மணிக்கு ஒப்பனை அறையில் என் அப்பாவுக்கு நான் வேட்டி கட்டிவிட்டேன். அவருக்குக் கட்டத் தெரியவில்லை. கைகளைத் தூக்கிக்கொண்டு, ஊசி போடக் காத்திருக்கும் குழந்தை மாதிரி நின்றார். கொசுவத்தை மடித்துச் சொருகினேன். ஊரில் எத்தனையோ பேருக்கு உடுத்தியிருக்கிறேன், அப்பாவுக்கு உடுத்துவது அதுவே முதல் தடவை. அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"பின்னு குத்தலியா?" என்றார்.

"குத்தலாமா?"

யோசித்தார். "வேணாம். அவரு பின்னு குத்தியிருக்க மாட்டாரு."

வெளியே வேன் வந்து நின்றது. மாமா இறங்கினார், பின்னால் அவர் கூட்டிவந்த ஆட்கள். எல்லோருடைய செல்போனையும் வாங்கி டிரைவரிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். நான் கொடுத்த வேட்டியை அவர்கள் கட்டியதும் அது அவர்களுடைய வேட்டியாகவே ஆகிவிட்டது. நான் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. மாமா முற்றத்துக்குள் நுழைந்து நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

"மச்சான்! நீயா? ஒனக்கு வேட்டி கட்டத் தெரியுமா?"

"ஒம் மருமவ கட்டிவிட்டா."

"அப்ப ஒன் முன்னாடி நான் துண்ட எடுத்து இடுப்புல கட்டிகினு நிக்கணுமா? நல்ல கத! எந்தங்கச்சியக் குடுத்ததுக்கு இதுவும் வேணும்." முற்றமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

காட்சி இதுதான். கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆட்கள் வந்து மதகைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கிறார்கள். மாமாவுக்கு ஒரே வசனம்: "கடமடைக்குத் தண்ணி வந்து சேரலீங்க." அப்பாவுக்கும் ஒரே வசனம்: "பாக்கலாம்." ஒத்திகையில் இருவரும் தடுமாறினார்கள். மாமாவுக்கு மச்சானைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. டைரக்டர் பொறுமையாக, டேக் போய்ப் பார்க்கலாம் என்றார்.

கேமரா ஓட ஆரம்பித்தது. ஆட்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். வாசலிலேயே துண்டு தோளிலிருந்து இடுப்புக்குப் போனது. மாமா வசனத்தைச் சொன்னார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த தூணைப் பார்த்தார். கையைப் பக்கவாட்டில் நீட்டினார். சொம்பு வர ஒரு கணம் தாமதமானது. கை அந்தரத்திலேயே அசையாமல் நின்றது. சொம்பு கைக்கு வந்தது. குடித்தார். தூணிடம் "பாக்கலாம்" என்றார், மிகவும் மெதுவாக. வரிசையில் நின்றவர்கள் அதைக் கேட்பதற்காகத் தலையை முன்னால் நீட்டினார்கள். அப்படி நீட்டச் சொல்லி யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அப்போது அங்கவஸ்திரம் வழுக்கியது. துவைத்துத் துவைத்து மெலிந்த துணி. கஞ்சி போட்ட புது ஜரிகைத் துணியாக இருந்தால் தோளிலேயே நின்றிருக்கும். அது மெல்ல இறங்கி நாற்காலியின் கையைத் தாண்டித் தரையில் விழுந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்ற எனக்கு ஓடிப்போய்ச் சரிசெய்யக் கை பரபரத்தது. எந்த நடிகராக இருந்தாலும் குனிந்து எடுத்திருப்பார், அல்லது டைரக்டரைத் திரும்பிப் பார்த்திருப்பார். அப்பா இரண்டும் செய்யவில்லை. துணி விழுந்தது அவருக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மாமா குனிந்தார். இரண்டு கையாலும் அங்கவஸ்திரத்தை எடுத்தார். தூசி தட்டினார். உடம்பைக் குறுக்கிக்கொண்டு பக்கத்தில் போனார். அப்பா திரும்பிப் பார்க்காமலே தோளைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். மாமா அதைத் தோளில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்து வந்து வரிசையில் நின்றார்.

"கட்!" என்றார் டைரக்டர். லைட் பிடித்தவர்கள் முதல் டீ கொடுத்தவர் வரை எல்லோரும் கைதட்டினார்கள்.

மாமா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனேன்.

"நான் ஏன் குனிஞ்சேன்?" என்று கேட்டார்.

"பிரமாதமா இருந்துது மாமா."

"அது இல்ல. என்னை யாரும் எடுக்கச் சொல்லல. நான் பட்டறையில எவனுக்கும் ஒரு ஸ்பேனர் குனிஞ்சு எடுத்துக் குடுத்ததில்ல. எங்கப்பா பண்ணதுதான் அது. நான் பண்ணதில்ல. ஏன் குனிஞ்சேன்?"

அவர் விறுவிறுவென்று வெளியே போய், வேன் நின்ற புளியமரத்தடியில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாடு வந்தது. வேண்டாம் என்றார். கூட வந்தவர்கள் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. இந்த வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கவே கூடாதோ என்று எனக்குத் தோன்றியது.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார்.

"இதக் கழட்டு மொதல்ல," என்றார்.

"அடுத்த ஷாட் இருக்குப்பா. மறுபடியும் கட்டணும்."

"கட்டிக்கலாம். இந்தத் துணியோட நான் அவங்கிட்டப் போக முடியாது."

பேண்ட், சட்டை, பெல்ட், ஷூ எல்லாம் மாற்றிக்கொண்டு, ஒப்பனையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தட்டுச் சாப்பாட்டோடு புளியமரத்துக்குப் போனார். நானும் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனேன்.

"மச்சான், சாப்புடு."

மாமா தட்டை வாங்கவில்லை. "நீ என்னைப் பாக்கவே இல்ல. பாக்காமலே தோளச் சாச்சிக் குடுத்த. எங்க கத்துகினு வந்த அத?"

"முன்னாடி நின்னு பாத்தவந்தான் நானும்."

"ஒரு வாட்டி கண்ணப் பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்திருந்தா நான் எந்திரிச்சிருப்பேன் மச்சான். அந்தத் துணிய ஒங்கைல வாங்கி நானே போட்டுக்கிட்டிருப்பேன். படம் கெட்டிருக்கும். அதான் பாக்கல."

மாமா தட்டை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். அப்பாவும் அவர் பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்தார். பாலிஷ் போட்ட ஷூவில் மண் ஒட்டியது. பாதிச் சாப்பாட்டில் மாமா என்னைப் பார்த்து, "ஒங்க டைரக்டருகிட்டச் சொல்லு, இன்னொரு வாட்டி எடுக்கணும்," என்றார்.

டைரக்டர் மாமாவிடம் வந்து பேசினார். முதல் டேக்கே போதும், அது மாதிரி மறுபடி வராது என்றார். மாமா விடவில்லை.

"இந்த வாட்டி நான் எடுக்க மாட்டேன் சார்."

"அந்தக் காலத்துல எடுக்காம இருந்திருக்க முடியுமாய்யா?"

மாமா யோசித்தார். "முடியாதுதான். சரி, எடுக்கறேன். எப்படி எடுக்கறேன்னு மட்டும் எங்கிட்ட வுட்டுடுங்க."

நான் அப்பாவுக்கு மறுபடி வேட்டி கட்டி, அங்கவஸ்திரத்தை வழுக்கி விழட்டும் என்று தோள் நுனியில் போட்டுவிட்டேன். மறுபடி அதே வரிசை, அதே தூண், அதே "பாக்கலாம்." அங்கவஸ்திரம் விழுந்தது. மாமா குனியவில்லை. அது தரையில் கிடந்தது. நாற்காலியில் இருந்தவரும் அசையவில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் அந்தத் துணியைப் பார்த்தார்கள். ஒருவர் குனியப் போனார். மாமா கையை லேசாகக் குறுக்கே நீட்டித் தடுத்தார். பிறகு மாமா நிதானமாகக் குனிந்து, ஒற்றைக் கையால், இரண்டு விரலால், அதைத் தூக்கினார். தோளில் போடவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் தொங்கவிட்டார். இடுப்பில் கட்டியிருந்த தன் துண்டை அவிழ்த்தார். அந்த விரல்களைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்போது அப்பாவின் கண் தூணிலிருந்து நகர்ந்தது. அந்தக் காட்சியில் அவர் ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமாவும் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நேராக நின்றார். டைரக்டர் "கட்" சொல்ல மறந்துவிட்டார். உதவி இயக்குநர்தான் சொன்னார்.

மாமா சிரித்துக்கொண்டே அப்பாவின் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டார். "இப்பப் பாத்த இல்ல? இப்பப் பாத்த!"

அன்று மாலை டைரக்டர் கதையில் ஓர் இடத்தை மாற்றினார். முதல் டேக் படத்தின் ஆரம்பத்தில் வரும். இரண்டாவது டேக், ஊரைவிட்டு ஓடியவன் திரும்பி வந்து ஆட்களோடு பேசிய பிறகு, படத்தின் பின்பாதியில் வரும். அதே முற்றம், அதே ஆட்கள், அதே துணி. இடையில் என்ன நடந்தது என்று சொல்ல அவர் எழுதி வைத்திருந்த நீளமான வசனத்தை முழுசாகத் தூக்கிவிட்டார். "அவரு வெரலத் தொடச்சதுக்கு மேல நான் என்னத்த எழுதறது?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஜரிகை போட்டிருந்தா அது விழுந்திருக்காது, இல்ல?" என்றார். அந்தப் படத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அன்று முழுக்க அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வெளியானபோது கடலூர் தியேட்டருக்குக் குடும்பத்தோடு போனோம். சேத்தியாத்தோப்பிலிருந்து மாமா மறுபடியும் ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். முதல் தடவை அங்கவஸ்திரம் விழுந்து மாமா குனிந்தபோது, அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தன் அண்ணன் தன் கணவன் முன்னால் குனிவதைப் பார்க்க அவரால் முடியவில்லை. பின்பாதியில் மாமா விரலைத் துடைத்தபோது, எங்கோ மேலே பால்கனியில் ஒரு விசில் கிளம்பியது. பிறகு தியேட்டர் முழுக்க. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த, எங்களைத் தெரியாத ஒரு பெரியவர் தன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்து வீசினார். மாமா இருட்டில் எழுந்து நின்று, "நான்தான்! அது நான்தான்!" என்று கத்தினார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள்.

படம் முடிந்து எல்லோரும் வெளியே போக எழுந்தார்கள். திரையில் பெயர்கள் ஓடின. அப்பா நடைபாதையில் குறுக்கே நின்றுகொண்டு யாரையும் போக விடவில்லை. "கொஞ்சம் இருங்க. எம் பொண்ணு பேரு வருது," என்றார். உடை வடிவமைப்பு என்று போட்டு என் பெயர் வந்தது. அவர் அதை வாய்விட்டுப் படித்தார். அது மறைந்த பிறகுதான் வழிவிட்டார். அவருக்குப் பின்னால் காத்திருந்தவர்களில் யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு அம்மா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

வெளியே டீக்கடையில் நின்றிருந்தோம். படம் பார்த்துவிட்டு வந்த ஒரு இளைஞன் அப்பாவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் நேராக வந்துவிட்டான்.

"சார், நீங்கதான அந்த மிராசு?"

"ஆமா தம்பி."

"தப்பா நெனைக்காதீங்க சார். ஒங்களப் பாத்தாலே எனக்கு ஆத்திரமா வருது. எழுந்து வந்து அறையணும்போல இருந்துது."

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அவரு எங்க மச்சான். நல்ல மனுசன்," என்று குறுக்கே வந்தார். அப்பா அவரை விலக்கினார். அந்த இளைஞனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவர் ஓய்வு பெற்ற நாளில்கூட நான் பார்த்ததில்லை.

"ரொம்ப சந்தோஷம் தம்பி," என்றார். "டீ சாப்புடறியா?"